ஃபுளூ பருவமும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும்: புதிய குடும்பங்களுக்கான வழிகாட்டி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒருவருக்கு ஃபுளூ காய்ச்சல் வந்தால், அது எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் வேலைகளில் பெரும்பகுதி காய்ச்சல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. எஞ்சியவற்றில் முக்கியமானவை, அறிகுறி தோன்றிய முதல் 48 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை. தங்களுக்கோ தங்கள் குழந்தைக்கோ இந்நோய் இருப்பதாக அண்மையில் அறிந்து, முதல் ஃபுளூ பருவத்தை எதிர்கொள்ளப் போகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. உங்கள் மருத்துவக் குழு உங்களுக்கெனத் தரும் அறிவுரைக்கு இது மாற்றாகாது. அந்தக் குழுவிடம் எதை, எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ஃபுளூ இவர்களை ஏன் கடுமையாகத் தாக்குகிறது

ஏழாவது குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவின் பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேரும்போது இந்நோய் உண்டாகிறது. இந்த மரபணு உருவாக்கும் புரதம், செல்லின் மேற்பரப்பில் குளோரைடும் பைகார்பனேட்டும் கடந்து செல்லும் வழியாக அமைகிறது. அந்த வழி சரிவர இயங்காதபோது மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் நீர்ப்படலம் வற்றி, சளி கெட்டிப்பட்டுப் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சளியில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற பாக்டீரியாக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடக்கூடும்.

ஃபுளூ வைரஸ் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைக் கொண்ட செல்களைத் தாக்கி அழிக்கிறது. மற்றவர்களுக்கு அந்தச் செல்கள் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் இருமல் மட்டும் நீடிக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவருக்கோ ஏற்கனவே நகர மறுக்கும் சளி முற்றிலும் தேங்கிவிடுகிறது. தேங்கிய சளியில் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அதனால் வீக்கம் அதிகரித்து, மூச்சுக்குழாய்கள் மேலும் சுருங்குகின்றன. இத்தகைய தீவிர மோசமடைதலுக்குச் சிகிச்சை பெற்ற பிறகும், ஏறத்தாழ நால்வரில் ஒருவருடைய நுரையீரல் செயல்திறன் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. காய்ச்சல் மூன்று நாளில் தணிந்துவிட்டாலும் இழந்த திறன் திரும்பாமல் போகலாம் என்பதே இந்நோயில் ஃபுளூவை அஞ்சுவதற்கான உண்மையான காரணம். இவர்களுக்கு வைரஸ் தொற்று மற்றவர்களைவிட அடிக்கடி வருவதாகத் தெரியவில்லை. வரும்போது அது கீழ்நோக்கி இறங்கிக் கூடுதலான சேதம் செய்கிறது.

அந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்க முடியும். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் முகக்கவசமும் இடைவெளியும் பழக்கமானபோது ஃபுளூ ஏறத்தாழ மறைந்தே போனது. அதே காலத்தில் பல நாடுகளின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருத்துவமனைகளும் நுரையீரல் மோசமடைந்து வருபவர்களின் எண்ணிக்கை குறைந்ததைக் கண்டன.

முதல் படி: உங்கள் ஊரின் பருவத்தை அறியுங்கள்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் ஃபுளூ அக்டோபரில் தலைகாட்டி, பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சம் தொடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதன் காலம். இந்தியாவில் ஒரே பருவம் என்று சொல்ல இயலாது. டெல்லி, புனே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுகிறது. காஷ்மீரில் குளிர்காலத்தில் கூடுகிறது. இலங்கையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்றும், நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்றுமாக ஆண்டில் இரண்டு உச்சங்கள் வருகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுவதும் ஃபுளூ இருந்துகொண்டே இருக்கிறது.

இந்த நாட்காட்டியை அறிந்துகொள்வது தடுப்பூசிக்கு நாள் குறிப்பதற்காக மட்டுமன்று. டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் ஒரு குடும்பம் டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வரும்போது, ஒரு ஃபுளூ பருவத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது. வழியில் பல மணி நேர விமானப் பயணமும் உண்டு. புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வதும், செல்லும் ஊரில் எந்த மருத்துவமனையை அணுகுவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதும் பயணச்சீட்டு வாங்குவதற்கு இணையான வேலைகள்.

இரண்டாம் படி: தடுப்பூசி, வீட்டில் உள்ள அனைவருக்கும்

ஆறு மாதம் நிறைந்த எல்லோரும் ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டியவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள். வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதாலும், தடுப்பூசியால் பெற்ற எதிர்ப்பாற்றல் மாதங்கள் செல்லச்செல்லக் குறைவதாலும், சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனம் எந்த வகை வைரஸ்களைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று வடகோளத்துக்கு ஒருமுறையும் தென்கோளத்துக்கு ஒருமுறையுமாக ஆண்டில் இருமுறை அறிவிக்கிறது. இந்தியாவில் வாழ்பவர்கள், அந்த நேரத்தில் கிடைப்பவற்றில் எது புதியது என்று மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி போட்ட பின் முழுப் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே, வடகோளக் குளிர்நாடுகளில் செப்டம்பர் அல்லது அக்டோபரிலும், தமிழ்நாட்டில் மழை தொடங்குவதற்கு முன்பும் போட்டு முடித்துவிட வேண்டும். தவறவிட்டவர்கள் பருவத்தின் நடுவில் போட்டுக்கொண்டாலும் பயனுண்டு.

ஆறு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதன்முறையாகப் போடும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இந்த இரண்டாவது தவணை பல வீடுகளில் மறந்துபோகிறது. முதல் ஊசி போடும் அன்றே அதற்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி மூலம் போடப்படும் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே அதனால் ஃபுளூ வருவதற்கு வழியே இல்லை. கை வலியும் ஓரிரு நாள் உடல்சோர்வும் வரலாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் குழந்தைகளுக்கு மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து தரப்படுகிறது. அதில் வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கிறது. நுரையீரல் அல்லது கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் அது ஏற்றதன்று. இந்நோயில் மூக்கடைப்பும் மூக்குச் சதை வளர்ச்சியும் பரவலாகக் காணப்படுவதால், மூக்கு வழியே தருவது போதிய அளவு உள்ளே சேருமா என்பதையும் கேட்க வேண்டும். முடிவை உங்கள் குழுவிடம் விட்டுவிடுங்கள்.

நோயாளிக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது அரைகுறைப் பாதுகாப்பு. எந்தத் தடுப்பூசியும் முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே அவரைச் சுற்றியிருக்கும் பெற்றோர், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, வீட்டு வேலைக்கு வருபவர் என அனைவரும் போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்தவுடன் செய்யப்படும் பரிசோதனையில் நோய் கண்டறியப்பட்ட கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஊசி போட முடியாது என்பதால், அந்தக் காலத்தில் மற்றவர்களின் தடுப்பூசியும் தாயிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்பாற்றலுமே அதற்கு அரண். வீட்டில் இன்னொரு பிரசவம் எதிர்பார்க்கப்பட்டால், கருவுற்றிருக்கும் தாய்க்கும் ஃபுளூ தடுப்பூசி போடலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நிமோகாக்கஸ், கோவிட் தடுப்பூசிகளின் நிலவரத்தையும் அதே நாளில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: காய்ச்சலுக்கு முன்பே ஒரு தாளில் திட்டம்

நான் மிக முக்கியமானதாகக் கருதும் படி இதுவே. பருவம் தொடங்குமுன் வரும் வழக்கமான மருத்துவச் சந்திப்பில், ஃபுளூ வந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு பேசி ஒரே பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் குழந்தை காய்ச்சலோடு இருமிக்கொண்டிருக்கும்போது எவராலும் நிதானமாக நினைவுகூர இயலாது. அந்த நேரத்தில் அந்தத் தாள் பேசும்.

அந்தத் தாளில் நோயின் பெயர், மரபணு மாற்றத்தின் வகை, அன்றாட மருந்துகளும் அவற்றின் அளவும், ஒவ்வாமைகள், கடைசியாக எடுத்த சளிப் பரிசோதனையில் வளர்ந்த கிருமிகளும் அவற்றுக்குக் கட்டுப்படும் ஆன்டிபயாட்டிக்குகளும், நலமாக இருக்கும்போதைய எடை, ஆக்சிஜன் அளவு, ஊதச் செய்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் கிடைத்த அளவு ஆகியவை இருக்க வேண்டும். பகலில் அழைக்க ஓர் எண்ணும், இரவிலும் விடுமுறையிலும் அழைக்க ஓர் எண்ணும் இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை உடனே தொடங்கலாம், எதற்கு நேரில் வர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் இந்நோயில் அனுபவம் மிக்க குழுக்கள் டெல்லி, வேலூர் போன்ற சில ஊர்களின் பெரிய மருத்துவமனைகளிலேயே உள்ளன. சிற்றூரில் வாழும் குடும்பம் அவசரத்தில் சென்று சேரும் மருத்துவர் இந்நோயாளி ஒருவரையும் அதுவரை பார்த்திராதவராக இருக்கலாம். நாட்பட்ட இருமலைக் காசநோய் என்றே அவர் எண்ணவும் கூடும். அங்கே இந்தத் தாள் உங்கள் பேச்சைவிட வேகமாக வேலை செய்யும்.

ஒசெல்டமிவிர் என்ற ஃபுளூ மருந்தைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் இம்மருந்தை முன்னுரிமையோடு பெற வேண்டியவர்களாகக் கருதப்படுகிறார்கள். இந்திய சுகாதார அமைச்சகம் ஃபுளூ நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்து வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நுரையீரல் நோய் உள்ளவர்கள் காய்ச்சல் மிதமாக இருந்தாலும் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் இம்மருந்தைப் பெற வேண்டியவர்களாகவே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தத் தகவல் பல குடும்பங்களுக்கு எட்டவில்லை என்பது வருத்தத்துக்குரியது. மருந்துச் சீட்டைத் தொலைபேசியிலேயே பெற முடியுமா, அருகில் எந்தக் கடையில் மருந்து இருப்பில் இருக்கும் என்பனவற்றை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சமாகும். இந்த நோயில் ஒரு நாள் என்பது பெரிது.

நான்காம் படி: வீட்டின் அன்றாட ஒழுங்கு

ஃபுளூ தொற்றியவர், தமக்கு அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு அதைப் பரப்பக்கூடும். தோன்றிய பின்னும் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பக்கூடும். கதவுக் கைப்பிடி, கைபேசி போன்ற வழவழப்பான பரப்புகளில் வைரஸ் ஒன்றிரண்டு நாள் உயிரோடிருக்கும். ஆகவே வெளியிலிருந்து வந்தவுடன் சோப்பால் 20 வினாடி கை கழுவுவதும், தண்ணீர் கிடைக்காத இடத்தில் 60 விழுக்காடாவது ஆல்கஹால் உள்ள கிருமிநாசினியைப் பயன்படுத்துவதும் வீட்டில் அனைவரின் பழக்கமாக வேண்டும். நெரிசலான பேருந்து, மருத்துவமனைக் காத்திருப்பு அறை, திருமண மண்டபம் ஆகியவற்றில் முகக்கவசம் நல்ல துணை.

நம் குடும்பங்களில் கடினமானது கை கழுவுவதன்று. இருமிக்கொண்டு வரும் உறவினரை வாசலில் நிறுத்துவதே. அதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, முன்கூட்டியே சொல்லிவிடுவது. பருவம் தொடங்கும்போதே நெருங்கிய உறவுகள் அனைவருக்கும், குழந்தையின் நுரையீரல் நிலை இது, சளியோ காய்ச்சலோ இருந்தால் குணமான பிறகு வாருங்கள் என்று தொலைபேசியில் அன்பாகச் சொல்லிவிட்டால், பின்னர் எவரும் மனம் நோக மாட்டார்கள். பள்ளிக்கும் இதே முறையில் ஒரு கடிதம் கொடுங்கள்: வகுப்பில் ஃபுளூ பரவினால் அன்றே தகவல் தர வேண்டும், இருமும் மாணவருக்கு அருகில் இவரை அமர்த்தக் கூடாது, கழிப்பறைக்கும் குடிநீருக்கும் கேட்டவுடன் அனுமதிக்க வேண்டும். குழந்தையைப் பருவம் முழுவதும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே அடைத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டமும் விளையாட்டும் சளியை அகற்றும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள இருவர் ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகக் கூடாது என்பது ஆண்டு முழுவதற்குமான விதி. குறைந்தது 6 அடி, அதாவது ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒருவரின் சளியில் உள்ள சூடோமோனாஸ், பர்க்கோல்டேரியா போன்ற கிருமிகள் மற்றவருக்குத் தாவினால் அகற்றுவது கடினம். ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கு இந்நோய் இருந்தால், தனித்தனி நெபுலைசர் கிண்ணங்களும், இயன்றால் சளி அகற்றும் பயிற்சிக்குத் தனித்தனி அறைகளும் தேவை.

நெபுலைசரைத் தூய்மையாக வைத்திருப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்தை நேராக நுரையீரலுக்குள் செலுத்தும் கருவி, அழுக்காக இருந்தால் கிருமியையும் நேராக உள்ளே செலுத்திவிடும். ஒவ்வொரு முறையும் பயன்படுத்திய பின் பகுதிகளைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, பின்னர் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் அனுமதிக்கும் பகுதிகளைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைக்கலாம். அல்லது பால்புட்டிகளுக்கான மின் நீராவிக் கருவியில் வைக்கலாம். வினிகர் போதுமானதன்று. கிருமிநீக்கம் செய்த பகுதிகளைக் குழாய்நீரில் மீண்டும் அலசினால் செய்த வேலை வீணாகிவிடும். காற்றில் நன்கு உலர விட்டு எடுத்து வையுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் சூடோமோனாஸ் வளரும்.

ஐந்தாம் படி: முதல் அறிகுறி தோன்றிய நாள்

திடீர்க் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், கடும் சோர்வு ஆகியவை ஒரே நாளில் சேர்ந்து வந்தால் ஃபுளூ என்றே எண்ணிச் செயல்படுங்கள். சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூட வரலாம். சிலருக்குக் காய்ச்சலே இல்லாமல், வழக்கத்தைவிடச் சளி கூடுவதோ அதன் நிறம் மாறுவதோ பசி குறைவதோ மட்டுமே தெரியும். தொற்று உள்ள ஒருவரோடு பழகி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் இவை தோன்றினால் ஐயம் வலுக்கிறது.

அன்றே மருத்துவக் குழுவை அழையுங்கள். நாளை வரை பார்ப்போம், சாதாரணச் சளியாக இருக்கலாம் என்று காத்திருப்பது மற்ற வீடுகளுக்கு நியாயமான நிதானம். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. ஒசெல்டமிவிர் அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஐந்து நாட்கள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்தும், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் குறைத்தும் மருத்துவர் அளவைத் தீர்மானிப்பார். குமட்டல் இதன் பொதுவான தொல்லை. உணவோடு உட்கொண்டால் குறையும். 48 மணி நேரம் கடந்துவிட்டால் மருந்தால் பயனில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆபத்து மிக்கவர்களுக்கு அதற்குப் பிறகும் தரப்படுவதுண்டு. சனாமிவிர் என்ற மருந்து மூச்சில் இழுக்கும் பொடியாக வருகிறது; மூச்சுக்குழாய்களை இறுக்கக்கூடும் என்பதால் நாட்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனை, ஃபுளூ இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். அதன் முடிவை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அதே மாதிரியில் கோவிட் பரிசோதனையும் செய்வது பயனுள்ளது. ஏனெனில் கோவிடுக்குத் தரப்படும் ரிட்டோனாவிர் கலந்த மாத்திரை, சி.எஃப்.டி.ஆர். புரதத்தைச் சீராக்கும் எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவாகாஃப்டர் கூட்டு மருந்தின் அளவை ரத்தத்தில் வெகுவாக உயர்த்திவிடும். 2019இல் அமெரிக்காவிலும் 2020இல் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்ற இந்தக் கூட்டு மருந்தை உட்கொள்பவர்கள், எந்தப் புதிய மருந்தைத் தொடங்கும்போதும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே போல் மோதும்.

மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், புறப்படுமுன் அழைத்துச் சொல்லுங்கள். பொதுக் காத்திருப்பு அறையில் அமர்ந்தால், அங்கே இந்நோயுள்ள இன்னொருவருக்கு ஃபுளூவைக் கொடுத்துவிட நேரலாம்.

ஆறாம் படி: படுத்திருக்கும் நாட்களில்

ஃபுளூ வைரஸை ஆன்டிபயாட்டிக் கொல்லாது என்று எங்கும் கேட்டுப் பழகிய பெற்றோர், மருத்துவர் ஃபுளூ மருந்தோடு ஆன்டிபயாட்டிக்கையும் எழுதித் தரும்போது குழம்புகிறார்கள். இங்கே அது வைரஸுக்காகத் தரப்படுவதன்று. வைரஸ் திறந்துவிட்ட வழியில் பெருகும் பாக்டீரியாக்களுக்காகத் தரப்படுவது. கடைசிச் சளிப் பரிசோதனையைப் பார்த்தே அது தேர்ந்தெடுக்கப்படும். பெரும்பாலும் இரண்டு வாரம் தொடரும். காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஆன்டிபயாட்டிக்கை நீங்களே தொடங்கவும் வேண்டாம்.

சளி அகற்றும் பயிற்சியை ஒரு வேளை கூட விட்டுவிடக் கூடாது. குழந்தை களைத்துப்போய் உறங்கும்போது எழுப்பி, நெபுலைசர் வைத்து, முதுகில் தட்டவோ அதிர்வுக் கருவியில் ஊதச் செய்யவோ எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. ஆனால் தேங்கும் சளியே இந்நாட்களின் உண்மையான எதிரி. வழக்கமாக நாளுக்கு இருமுறை செய்பவர்களைப் பிசியோதெரபிஸ்ட் மூன்று அல்லது நான்கு முறை செய்யச் சொல்வது இதனாலேயே. நீண்ட ஒரே அமர்வைத் தாங்க முடியாவிட்டால், குறுகிய பல அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். காய்ச்சல் மருந்து கொடுத்து உடல் சற்றுத் தெளிந்திருக்கும் நேரம் இதற்கு உகந்தது. வரிசை பெரும்பாலும் இவ்வாறு அமையும்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அடர் உப்புக் கரைசல், சளி அகற்றும் பயிற்சி, கடைசியாக மூச்சில் இழுக்கும் ஆன்டிபயாட்டிக். சளியை இளக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா என்ற நெபுலைசர் மருந்துக்கு உங்கள் குழு சொன்ன நேரத்தையே பின்பற்றி, அதை வேறு மருந்தோடு ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள். நெபுலைசரும் இருமலும் வைரஸைக் காற்றில் பரப்பும் என்பதால், சன்னல் திறந்த தனி அறையில் செய்வது மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

இருமலை அடக்கும் சிரப்புகளைத் தர வேண்டாம். இருமல்தான் சளியை வெளியே கொண்டுவருகிறது. ஃபுளூவின்போது குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் தருவது ரேய் நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான விளைவுக்கு இட்டுச் செல்லக்கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் தாருங்கள். நொச்சியிலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கலாம். ஆனால் மூச்சுக்குழாயின் ஆழத்தில் ஒட்டிய சளியை அது இளக்காது, கொதிநீர் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. கஷாயங்களைப் பொறுத்தவரை, கல்லீரலில் உடையும் மருந்துகளை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காமல் இருப்பதே சரி.

உப்பைப் பற்றி நம் தட்பவெப்பத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்நோயில் வியர்வையில் உப்பு மிக அதிகமாக வெளியேறுகிறது. காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் உடலில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். நீர் வற்றினால் சளி மேலும் இறுகுவதோடு, குடலின் கடைப்பகுதியில் மலம் கெட்டிப்பட்டு அடைப்பும் உண்டாகலாம். வலப்புற அடிவயிற்று வலியும் மலம் கழியாமையும் அதன் அறிகுறிகள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட கஞ்சி, ரசம் போன்றவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். இளநீரில் சோடியம் குறைவு. ஆகவே அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்றாகாது. உணவு செரிப்பதற்காகக் கணைய என்சைம் உட்கொள்பவர்கள், உணவு சிறிதளவே ஆனாலும் அதில் கொழுப்பு இருந்தால் பாலுக்கும் சேர்த்து என்சைமைத் தொடர வேண்டும். பத்தியம் என்ற பெயரில் நெய்யையும் பாலையும் நிறுத்திவிடுவது இந்நோயாளிக்குக் கெடுதலே செய்யும். ஒரு வாரத்தில் இழந்த எடையை மீட்க மாதங்கள் ஆகலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சார்ந்த சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டாலும் தொற்றின்போது ரத்தச் சர்க்கரை உயரும். அடிக்கடி சோதியுங்கள், இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏழாம் படி: எப்போது உடனே மருத்துவமனை

பேசவோ பால் குடிக்கவோ முடியாத மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது விலாவின் இடையிலுள்ள தசை உள்வாங்குதல், உதடோ நகமோ நீலமாதல், எழுப்பினாலும் தெளியாத மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் புறப்படுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 92 விழுக்காட்டுக்குக் கீழே, அல்லது உங்கள் தாளில் எழுதப்பட்ட வழக்கமான அளவிலிருந்து கணிசமாகக் கீழே இறங்கினாலும் அவ்வாறே. ஒரு பக்கத்தில் திடீரென்று கூர்மையான நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வந்தால், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்திருக்கலாம். இது பதின்வயதினரிடமும் பெரியவர்களிடமும் நிகழ்கிறது. சளியில் ரத்தக் கீற்று தெரிந்தால் அன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ரத்தம் வந்தால் நேரில் செல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் தணிந்து, நலமாகிவிட்டது போல் தோன்றிய பின் மீண்டும் காய்ச்சல் ஏறினால், பாக்டீரியா நிமோனியா தொடங்கியிருக்கலாம். முதல் காய்ச்சலைவிட இது ஆபத்தானது. வீட்டார் ஓய்ந்து, கவனம் தளர்ந்த நேரத்தில் வருவதும் இதுவே.

எட்டாம் படி: காய்ச்சல் விட்ட பின்

காய்ச்சல் மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றிக் கழிந்த பிறகு பள்ளிக்கோ வேலைக்கோ திரும்பலாம். உடல் தாங்கும் அளவுக்கு, முதல் சில நாள் அரைநாளாக இருந்தாலும் நல்லது. கூட்டிய சளிப் பயிற்சியை உடனே குறைக்காமல், சளியின் அளவும் நிறமும் பழைய நிலைக்கு வரும் வரை தொடருங்கள். மற்றவர்களுக்கு ஃபுளூவுக்குப் பின் சில வாரம் இருமல் நீடிப்பது இயல்பு. இவர்களுக்கு அந்த இயல்பை எண்ணி ஆறுதல் கொள்ள முடியாது. இரண்டு வாரமாகியும் இருமல் குறையவில்லை என்றாலோ, எடை திரும்பவில்லை என்றாலோ, விளையாடும்போது முன்பைவிட விரைவில் களைத்தாலோ மீண்டும் அழையுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் ஸ்பைரோமெட்ரி செய்து, தாளில் எழுதியிருக்கும் பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பிடாமல் விட்டால் சிறுகச் சிறுக இழப்பது எவர் கண்ணிலும் படாது. அப்போதே புதிய சளி மாதிரியும் கொடுங்கள், ஏனெனில் ஃபுளூவைத் தொடர்ந்து புதிய கிருமி குடியேறியிருக்கக்கூடும்; சூடோமோனாஸ் முதன்முறை தென்படும்போதே சிகிச்சை தந்தால் அதை ஒழிக்கும் வாய்ப்பு அதிகம். இருமிச் சளி துப்பத் தெரியாத சிறு குழந்தைக்கும், கூட்டு மருந்தால் சளி வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கிடைத்த புதிய முடிவுகளைக் கொண்டு அந்த ஒரு பக்கத் தாளைத் திருத்தி எழுதி, அடுத்த தடுப்பூசிக்கான மாதத்தையும் அதிலேயே குறித்து வைத்துவிடுங்கள்.